எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும்தானே? சட்பரியின் தனித்த பிரெஞ்சு முதியவர்கள் பற்றி ஒரு இழை

வாசகர் கேள்வி, 6 நவம்பர் 2023

கனடாவின் சட்பரிக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. சர்ச் மண்டபத்தில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். தனியாக வாழும் பிரெஞ்சு முதியவர்களுக்கு வாரம் ஒருமுறை போன் செய்து பிரெஞ்சில் பேச ஆள் வேண்டுமாம். என் மேல்வீட்டில் ஒரு பிரெஞ்சுத் தாத்தா இருக்கிறார். அவர் இங்கிலீஷ் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. இது பிரெஞ்சு மாகாணமான கியூபெக் இல்லை, ஒன்ராறியோ. எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும்போது தனியாக பிரெஞ்சில் போன் எதற்கு? எனக்கு வீண் வேலையாகப் படுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

6 நவம்பர், இரவு 11.40

அந்த நோட்டீஸை ஒட்டியவள் நான்தான். அதில் ஒரு எழுத்துப்பிழையும் இருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை போல.

ஷிப்ட் முடிந்து வந்து எழுதுகிறேன், நீளமாக வராது. உங்கள் மேல்வீட்டுக்காரருக்கு நல்ல இங்கிலீஷ் என்பது சரி. சிக்கலே அதுதான். இங்கிலீஷ் தெரியாத ஒரு கிழவர் தனியாக இருந்தால் அக்கம்பக்கத்துக்கு அது தெரிந்துவிடும். யாராவது மொழி தெரிந்த ஆளைக் கூட்டிவருவார்கள். இவரைப் பார்த்து அப்படி யாரும் நினைக்கப்போவதில்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டால் 'ஃபைன், ஃபைன்' என்பார். நீங்களும் படியிறங்கிப் போய்விடுவீர்கள்.

மிச்சம் நாளைக்கு.

7 நவம்பர்

கோபமாக எழுதிவிட்டேனோ என்று காலையில் வாசித்துப் பார்த்தேன். அவ்வளவு மோசமில்லை.

தம்பி, நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒரு தமிழ்ப் பொம்பிளைக்கு இதில் என்ன வேலை என்று அடுத்த கேள்வி வரும். ஊர் இளவாலை. 1989இல் மொன்றியலுக்கு வந்தேன். பகலில் ஷபனெல் தெருவில் உடுப்புத் தைக்கும் தொழிற்சாலை, மாலையில் கோஃபி என்ற அரசாங்க வகுப்பில் பிரெஞ்சு. அந்தக் காலத்து மொன்றியல் தமிழர்கள் கனபேர் பிறகு ரொறன்ரோவுக்குப் போய்விட்டார்கள். படித்த பிரெஞ்சை 401 நெடுஞ்சாலையிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். எங்களுக்கு 2005இல் சட்பரி வாய்த்தது. ரொறன்ரோவிலிருந்து 400 கிலோமீற்றர் வடக்கே, நிக்கல் சுரங்க ஊர். இங்கே வந்த பிறகுதான் என் பிரெஞ்சுக்கு மறுபடி வேலை வந்தது.

நேர்சிங் ஹோம் ஒன்றில் பி.எஸ்.டபிள்யூ. (பராமரிப்பு உதவியாளர்) வேலை செய்கிறேன். எந்த இல்லம் என்று கேட்க வேண்டாம். குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு தீத்துவது. ஒரு இரவு, 84 வயது ஆள் ஒருவர், மறதி நோய்க்காரர், 'தெபார்புயெத், தெபார்புயெத்' என்று கத்திக்கொண்டிருந்தார். கோப்பைப் பார்த்தால் மூன்று நாளாக ஒரே விஷயம் எழுதியிருக்கிறார்கள்: பேச்சில் தெளிவில்லை, அமைதியில்லை, அடிக்கக் கை ஓங்குகிறார். தெபார்புயெத் என்றால் முகம் துடைக்கும் சின்னத் துவாய். கனடாவில் எந்தப் பிரெஞ்சு வீட்டுப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். மனிசனுக்குச் சாப்பாடு காய்ந்து கன்னத்தில் ஒட்டிப்போய் இருந்தது. வெந்நீரில் நனைத்துத் துடைத்துவிட்டேன். ஐந்து நிமிடத்தில் நித்திரை.

அவருக்கும் இங்கிலீஷ் தெரியும்தான். வாழ்நாள் முழுக்க சுரங்கத்தில் இங்கிலீஷ் மேலாளர்களுக்குக் கீழே வேலை செய்தவர். மறதி வந்தபோது, பிற்பாடு படித்தது முதலில் கழன்று போனது.

9 நவம்பர்

'அவர்கள் பிரெஞ்சில் கேட்டால் யார் தடுத்தார்கள்' என்று தம்பி மறுபடி கேட்டிருக்கிறார். இதற்குக் கொஞ்சம் பழைய கதை வேண்டும்.

சட்பரியில் நாலில் ஒருவருக்குக் கிட்ட தாய்மொழி பிரெஞ்சு. மாகாணம் முழுவதும் பிரெஞ்சு ஆட்கள் 6 லட்சத்துக்கு மேல். ஆனால் ஒரே இடத்தில் இல்லை. ஒட்டாவாவுக்குக் கிழக்கே கொஞ்சம், வடக்கே ஹேர்ஸ்ட், கப்புஸ்கேசிங், திம்மின்ஸ், தெற்கே வெலண்ட், வின்ட்சர். ஹேர்ஸ்டில் கடையில் யாராவது இங்கிலீஷ் கதைத்தால்தான் திரும்பிப் பார்ப்பார்கள். வெலண்டில், பக்கத்து வீட்டுக்காரரும் பிரெஞ்சு என்பது இருபது வருடம் கழித்து அவருடைய மரணச்சடங்கில் தெரியவரும். தனிமை என்று நான் சொல்வது இந்த இரண்டாவது வகையை.

1912இல் ஒன்ராறியோ அரசாங்கம் 17ஆம் சட்டம் என்று ஒன்றைப் போட்டது. பள்ளிக்கூடத்தில் முதல் இரண்டு வருடத்துக்கு மேல் பிரெஞ்சில் படிப்பிக்கக் கூடாது. ஒட்டாவாவில் கீக் பள்ளிக்கூடத்தில் தெலோஜ் சகோதரிகள் என்ற இரண்டு ஆசிரியைகள் மசியவில்லை. 1916இல் தாய்மார்கள் தொப்பி ஊசிகளோடு வாசலில் காவல் நின்றார்கள். அந்த ஊசி நம்முடைய கொண்டை ஊசி மாதிரி இல்லை, நல்ல நீளம். 1927இல்தான் அரசாங்கம் இறங்கிவந்தது.

பள்ளிக்கூடம் வந்ததோடு கதை முடியவில்லை. அரசாங்கச் செலவில் பிரெஞ்சு உயர்நிலைப் பள்ளி 1968 சட்டத்துக்குப் பிறகுதான். அதற்கு முன் பிரெஞ்சில் மேலே படிக்க விரும்பினால் கன்னியர் மடத்துக்கோ குருமார் கல்லூரிக்கோ காசு கட்ட வேண்டும். காசில்லையா, இங்கிலீஷ் பள்ளிக்குப் போ, அல்லது வேலைக்குப் போ. 1930களில் பிறந்த அந்தப் பிள்ளைகள்தான் இப்போது 85, 90 வயதில் தனி அறைகளில் இருக்கிறார்கள். படிவத்தில் 'எந்த மொழியில் சேவை வேண்டும்' என்று கேட்டால் இங்கிலீஷ் என்றே குறிப்பார்கள். தங்கள் பிரெஞ்சு குசினிப் பிரெஞ்சு, வெளியே கொண்டுபோகக் கூடாதது என்று நினைப்பு. மற்றவர்களுக்கு ஏன் கரைச்சல் என்ற எண்ணம் வேறு. தடுக்க இப்போது யாரும் தேவையில்லை.

10 நவம்பர்

நேற்றையதில் ஒரு திருத்தம். 17ஆம் சட்டம் என்று எழுதிவிட்டேன். அது சட்டமன்றம் போட்ட சட்டம் இல்லை, கல்வித் திணைக்களத்தின் ஒழுங்குவிதி. பிரெஞ்சிலும் 'ரெக்லெமான்' என்றுதான் சொல்வார்கள்.

கீக் என்ற பெயரைப் பற்றி ஒரு ஒட்டுக்கதை, தேவையில்லாதவர்கள் தாண்டிப் போகலாம். அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பெயர் தந்த கீக் ஒட்டாவாவின் முதல் ஆயர், அமலமரித் தியாகிகள் சபைக்காரர். அதே பிரெஞ்சுச் சபை 1847இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தில் வேலை தொடங்கியது. ஆக எங்கள் பூட்டிக்குச் செபம் சொல்லிக்கொடுத்தவர்களும் இங்கத்தைய பூட்டிகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் ஒரே சபை. சட்பரியில் இயேசு சபையார் என்று ஒருவர் உடனே பிழை பிடிப்பார், தெரியும். நான் சொன்னது ஒட்டாவாவை.

18 நவம்பர்

சரி, எப்படித் தொடங்கியது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

2020 மார்ச்சில் நேர்சிங் ஹோம்களுக்குள் பார்வையாளர்களை விடாமல் நிறுத்தினார்கள். வெளியே தனி வீடுகளில் இருந்தவர்களுக்கும் பூசை இல்லை, முதியோர் கிளப்பில் சீட்டு இல்லை. இங்கே பிரெஞ்சு ஆட்கள் 'ஐந்நூறு' என்று ஒரு சீட்டு விளையாட்டு விளையாடுவார்கள், கிழமைக்கு இரண்டு நாள் அதற்காகவே உடுத்திக்கொண்டு வருவார்கள். எல்லாம் ஒரே நாளில் நின்றது. பங்கிலிருந்த ஒரு கன்னியாஸ்திரி பழைய டயறி ஒன்றில் இருந்த பெயர்களைக் கொப்பி பண்ணித் தந்தார். ஏழு பேர் பிரித்து எடுத்தோம். எனக்கு ஆறு பேர் கிடைத்தார்கள்.

அதில் ஒருவர் மதாம். பெயர் போடமாட்டேன். இப்போது 91 வயது, மூலான் அ ஃப்ளேர் பக்கம் இருக்கிறார். பழைய மாவு ஆலையின் கொங்கிரீட் களஞ்சியங்கள் இன்னும் நிற்கும் பகுதி அது. முதல் நாள் நான் 'போன்ஷூர்' என்றேன். அவர் இங்கிலீஷில் பதில் சொன்னார். நான் பிரெஞ்சில் தொடர்ந்தேன், அவர் இங்கிலீஷில் தொடர்ந்தார். நலமாக இருக்கிறேன், ஒன்றும் தேவையில்லை, என்னைவிடக் கஷ்டப்படுகிறவர்களுக்கு எடு பிள்ளை. மூன்று கிழமை இதே கதை. மூன்று நிமிடத்துக்கு மேல் போகாது.

நாலாம் கிழமை எனக்கே அலுத்துவிட்டது. சும்மா ஒரு கேள்வி கேட்டேன். வகுப்பில் குளிருக்கு 'ஃப்ருவா' என்று படிப்பித்தார்கள், வேலையிடத்தில் எல்லாரும் 'ஃப்ரெத்' என்கிறார்கள், எது சரி? மனுசி சிரித்தார். மைனஸ் இருபது பாகைக்குக் கீழே போகும்வரைக்கும் ஃப்ருவா, அதற்குக் கீழே ஃப்ரெத் என்றார். பிரெஞ்சில் சொன்னார். பிறகு அவருடைய அப்பாவின் மீசை உறைந்த கதை, ஆற்றுப் பனியில் வண்டி தாண்ட விட்ட கதை. 35 நிமிடம்.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. உதவி செய்ய வந்தவள் என்று நின்றபோது அவர் கதவைத் திறக்கவில்லை. எனக்கு ஒரு உதவி தேவை என்றவுடன் கதிரை போட்டுத் தந்தார். அதற்குப் பிறகு ஆறு பேரிடமும் இப்படித்தான். என் பிரெஞ்சு மங்கிப்போகிறது, கொஞ்சம் கதைத்துத் திருத்திவிடுங்கள் என்பேன்.

19 நவம்பர்

செலவு எவ்வளவு என்று ஒருவர். ஒன்றுமில்லை. போன் பிளான் எப்படியும் கட்டுகிறோம். வரிப்பணம் ஒரு சதமும் போகவில்லை, நிம்மதியாகத் தூங்குங்கள்.

25 நவம்பர்

'அப்படியென்றால் பொய் சொல்லி நுழைந்திருக்கிறீர்கள்' என்று எழுதியவருக்கு. ஆம், கொஞ்சம் உறுத்தியது. மொன்றியலில் 16 வருடம் இருந்தவளுக்கு பிரெஞ்சு மங்குமா? ஒருநாள் மதாமிடம் ஒப்புக்கொண்டேன், உண்மையில் எனக்கு பயிற்சி தேவைப்படவில்லை, உங்களோடு கதைக்கத்தான் அப்படிச் சொன்னேன் என்று. கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, 'இல்லை பிள்ளை, தேவைதான். உன்னுடைய ஆண்பால் பெண்பால் எல்லாம் படு மோசம்' என்றார்.

இன்றைக்கு அவர்களுக்கு சேன் கத்ரின் நாள். பாகு காய்ச்சி இரண்டு பேர் எதிரெதிரே நின்று கயிறு மாதிரி இழுத்து இழுத்து வெள்ளையாக்கி வெட்டும் இனிப்பு. 25 வயது தாண்டிக் கல்யாணமாகாத பெண்களின் திருநாளாகவும் அது இருந்ததாம். மதாமின் அக்கா அன்றைக்கு மட்டும் குசினிக்குள் வரமாட்டாராம்.

28 நவம்பர்

ஒரு பகிடி. பிரெஞ்சில் 70 என்றால் அறுபது-பத்து, 74 என்றால் அறுபது-பதினாலு. புதிதாக வந்த ஒரு தாத்தா போன் நம்பர் சொல்லச் சொல்ல நான் 60, 14 என்று எழுதிக்கொண்டேன். எடுத்தால் டயர் கடை. இரண்டு தரம். கடைக்காரர் இரண்டாம் தரம் விண்டர் டயர் போட்டாச்சா என்று கேட்டார்.

90க்கு நாலிருபது-பத்து என்பதைச் சிரிக்காதீர்கள், எண்பதுக்கும் நூறுக்கும் நடுவில் தொண்ணூறு எங்கிருந்து வந்தது என்று நம் பிள்ளைகளும் கேட்கிறார்கள்.

3 டிசம்பர்

இது அரசியல் ஆகிறதா என்று கேட்டவருக்குச் சுருக்கமாக.

போராட்டங்கள் நடந்திருக்கின்றன, பலனும் கிடைத்திருக்கிறது. 1997இல் ஒட்டாவாவின் மோன்ஃபோர் மருத்துவமனையை மூடச் சொன்னார்கள், ஒன்ராறியோவில் பிரெஞ்சில் மருத்துவர்களைப் பயிற்றுவித்த மருத்துவமனை. கிசேல் லலோந்த் என்ற முன்னாள் மேயர் தலைமையில் அந்த மார்ச்சில் ஏறத்தாழ 10,000 பேர் கூடினார்கள். வழக்கு 2001 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றது. 2018 நவம்பரில் மாகாண அரசாங்கம் பிரெஞ்சு மொழி ஆணையாளரின் அலுவலகத்தை இல்லாமல் செய்யப்போவதாக அறிவித்தபோது, டிசம்பர் 1ஆம் தேதி ஊர் ஊராக ஒன்ராறியோ பிரெஞ்சு ஆட்களின் பச்சை வெள்ளைக் கொடியோடு ஆட்கள் தெருவில் இறங்கினார்கள். அந்தக் கொடி முதலில் ஏறியது இங்கேதான், சட்பரி பல்கலைக்கழகத்தில், 1975 செப்டம்பர் 25. அதே ஊரில் 2021 ஏப்ரலில் லொரென்ஷியன் பல்கலைக்கழகம் ஒரே நாளில் 69 பாடநெறிகளை நிறுத்தியது, அதில் 28 பிரெஞ்சு. இந்த 2023 ஏப்ரலிலிருந்து அரசாங்க அலுவலகங்கள் ஆள் கேட்கும்வரை காத்திராமல் தாங்களாகவே பிரெஞ்சில் சேவை உண்டு என்று சொல்ல வேண்டும் என விதி வந்திருக்கிறது. 'ஒஃப்ர் அக்டீவ்' என்பார்கள். நல்ல விதி. மதாமின் வீட்டு போனுக்கு அது பொருந்தாது.

நானும் 2018இல் போனேன். கால் விறைத்தது. திரும்பி வந்து பார்த்தால் செவ்வாய்க்கிழமை வழக்கம்போல வந்தது.

12 டிசம்பர்

இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன்.

செவ்வாய் மாலை 6.30 என்பது மதாமுக்கும் எனக்குமான நேரம். போன மாதம் ஒருநாள் வேலையிடத்தில் ஆள் பற்றாக்குறை, இரட்டை ஷிப்ட் போட்டார்கள். எடுக்க முடியவில்லை, சொல்லவும் இல்லை. சின்ன விஷயம்தானே என்று நினைத்தேன். அடுத்த கிழமை எடுத்தால் பழைய ஃபைன், ஃபைன். இங்கிலீஷ். மூன்று நிமிடம். பிறகு கன்னியாஸ்திரி சொல்லித்தான் தெரிந்தது, அன்றைக்கு அவர் போன் பக்கத்தில் சாப்பாட்டையும் வைத்துக்கொண்டு ஒன்பது மணிவரை இருந்திருக்கிறார். ஐந்தேமுக்காலுக்கே தலைசீவிக்கொள்வாராம், போனுக்கு.

18ஆம் தேதி நான் எழுதியதில் ஒரு பெருமை தெரிகிறது. இப்போது வாசிக்கக் கூச்சமாக இருக்கிறது. ஆளில்லாத வீட்டில் ஒரு நேரத்தைக் குறித்துக் கொடுத்தால் அந்தக் கிழமை முழுவதும் அந்த மணிக்கூட்டைச் சுற்றித்தான் ஓடும். முடியாதவர்கள் தொடங்கவே வேண்டாம். நோட்டீஸில் இதையும் சேர்த்து மறுபடி அடிக்கப்போகிறேன், எழுத்துப்பிழையும் போய்விடும்.

சமாதானம் ஆனது எப்படி என்றால், மரண அறிவித்தலால். மதாமுக்குக் கண் சரியில்லை. மரணச்சடங்கு நிலையங்களின் இணையப் பக்கத்திலிருந்து பிரெஞ்சுப் பெயர்களை வாசித்துக் காட்டச் சொன்னார். இன்னாரின் அன்பு மனைவி, இன்னாரின் பாசமிகு தாயார், இன்னாரின் மைத்துனி. இலங்கை வானொலியில் எங்கள் அம்மம்மா மரண அறிவித்தலுக்குக் காது கொடுத்த அதே மாதிரி. ஒவ்வொரு பெயருக்கும் கதை வைத்திருக்கிறார். ஒரு பெயருக்கு மட்டும் 'சரி, அடுத்தது' என்றார்.

2 ஜனவரி 2024

புதுவருடத்தில் இவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் மூத்த பிள்ளை அப்பாவிடம் போய் ஆசீர்வாதம் கேட்க வேண்டும். எல்லாரும் முழங்காலில் நிற்க, அப்பா கையை உயர்த்திச் சிலுவை அடையாளம் போடுவார். மதாமின் அப்பா சுரங்கத் தொழிலாளி, வருடம் முழுக்கக் கத்துகிறவர், அந்த ஒரு நிமிடம் மட்டும் குரல் நடுங்குமாம்.

மகன் கல்கரியில் இருக்கிறார். நேற்று எடுத்தார், நன்றாகக் கதைத்தார், இங்கிலீஷில். மருமகளும் பேரப்பிள்ளைகளும் இங்கிலீஷ். 'அவர்களுக்கு நான் இங்கிலீஷ் பாட்டி' என்றார் மதாம். 'அந்தப் பாட்டிக்குச் சொற்கள் குறைவு. பகிடி விடத் தெரியாது. கேக் செய்வாள்.'

இதைக் கேட்டுவிட்டு என் மகளுக்கு எடுத்தேன். அவளும் இங்கிலீஷில்தான் பதில் சொன்னாள். அது வேறு இழை.

16 ஜனவரி

வேலையிடத்தில் நடந்தது. ஒரு அம்மா 'மால் ஓ கேர்' என்றார். புதிதாக வந்த பிள்ளை ஒருத்தி, பள்ளியில் கொஞ்சம் பிரெஞ்சு படித்தவள், சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'இதயத்தில் வலி' என்று நேர்சிடம் ஓடினாள். நேர்ஸ் மெஷினோடு வந்து நெஞ்சில் வயர் ஒட்டினார். அந்த அம்மா சொன்னது ஓங்காளிக்குது என்று. பயத்தில் உண்மையாகவே நெஞ்சு படபடக்கத் தொடங்கிவிட்டது பாவத்துக்கு.

அந்தப் பிள்ளையைக் குறை சொல்லமாட்டேன், முயன்றாள். நம் கிழவர்கள் நெஞ்செரியுது என்று சொன்னதற்கு ரொறன்ரோவில் எத்தனை அம்புலன்ஸ் வந்திருக்கும்.

4 பெப்ரவரி

எல்லாம் வெற்றிக்கதை மாதிரி எழுதிக்கொண்டு போகிறேன், ஒரு தோல்வியையும் சொல்ல வேண்டும்.

அந்த டயர் கடை நம்பர்க்காரத் தாத்தா. சரியான நம்பருக்கு எடுத்த பிறகும் பலனில்லை. மரம் வெட்டும் முகாமில் இருந்தவர், மனைவி இறந்து ஆறு வருடம். பிரெஞ்சில் கேட்டால் பிரெஞ்சில் 'உய்', அதாவது ஆம். அதற்கு மேல் இல்லை. குளிர் கேள்வி கேட்டேன், 'உய்'. பாட்டு, சாப்பாடு, புதுவருடம், எல்லாவற்றுக்கும் 'உய்'. எனக்குக் கோபம்கூட வந்தது. மொழிதான் பூட்டு, மொழிதான் சாவி என்று நான் இத்தனை நாள் இங்கே வகுப்பெடுத்திருக்கிறேன். இந்த மனிசன் பிரெஞ்சிலும் அதே அளவு தனியாக இருக்கிறார்.

தம்பியின் முதல் கேள்வி இப்போது எனக்கே திரும்பி வருகிறது.

5 பெப்ரவரி

இல்லை, முழுக்கத் திரும்பவில்லை. நேற்று களைப்பில் எழுதினேன். ஆனால் ஒன்று உண்மை. பிரெஞ்சு தெரியும் என்பதற்காக மட்டும் இரண்டு பேரைச் சேர்த்து வைத்தது என் பிழை. தமிழ் தெரியும் என்பதற்காக மட்டும் என்னை யாரோ ஒருவரோடு உட்கார்த்தி வையுங்கள், பேசுகிறேனா பார்ப்போம்.

(இந்தியத் தம்பிமாருக்கு: எங்கள் ஊரில் பேசுவது என்றால் ஏசுவது. மேலே இருக்கும் வரி இரண்டு விதமாகவும் சரி.)

20 பெப்ரவரி

ஒருவர் எழுதியிருக்கிறார், சட்பரியில் இப்போது பிரெஞ்சு கதைக்கிறவர்களில் கொங்கோ, கமரூன், ஐவரிகோஸ்ட் ஆட்களும் உண்டே, அவர்கள் தனியாக இல்லையா என்று. நல்ல கேள்வி, நான் முன்பே எழுதியிருக்க வேண்டும்.

கியூபெக்குக்கு வெளியே வருகிற குடியேறிகளில் 4.4 சதவீதம் பிரெஞ்சு கதைக்கிறவர்களாக இருக்க வேண்டும் என்று மத்திய அரசாங்கம் வைத்திருந்த இலக்கை 2022இல்தான் எட்டினார்கள். ஆக வருகிறார்கள். எங்கள் இல்லத்திலேயே நாலு பேர் வேலை செய்கிறார்கள். கின்ஷாசாவிலிருந்து வந்த ஒரு மாணவன் சொன்னான், 'மதாம், பிரெஞ்சு ஊர் என்று நம்பி வந்தேன். பஸ்ஸில் இங்கிலீஷ், கடையில் இங்கிலீஷ். பிரெஞ்சு ஆட்கள் எங்கே ஒளிந்திருக்கிறார்கள்?' அவர்கள் உண்மையிலேயே ஒளிந்துதான் இருக்கிறார்கள். கறுப்பு முகத்தைக் கண்டால், பழுப்பு முகத்தைக் கண்டாலும்தான், இங்கத்தைய கிழவர்கள் மரியாதைக்காக உடனே இங்கிலீஷுக்கு மாறிவிடுகிறார்கள். அவன் அழகான பிரெஞ்சில் கேட்பான், அவர்கள் இங்கிலீஷில் பதில் சொல்வார்கள். அவனுக்கு இங்கிலீஷ் வராது. இரண்டு பக்கமும் தனிமை, நடுவில் ஒரு மரியாதை.

அவனிடம் தாத்தாவின் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். அவனுக்கு இங்கத்தைய உச்சரிப்பு விளங்காமல் வேலையில் திண்டாட்டம், ஆகவே கேட்கிற உதவி பொய்யில்லை. இலக்கங்களை நானே சரிபார்த்தேன்.

5 மார்ச்

முதல் இரண்டு கிழமை: 'உய்'.

மூன்றாவது கிழமை பையன் ஐஸ் ஹொக்கி என்றால் என்ன என்று கேட்டிருக்கிறான். அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது, உண்மையாகவே தெரியாது. தாத்தா தொடங்கினாராம். நீலக்கோடு, சிவப்புக்கோடு, ஒஃப்சைட். பிறகு மொரிஸ் ரிஷார், ஒன்பதாம் இலக்கம். 1955 மார்ச்சில் அவரை ஆடவிடாமல் நிறுத்தியதற்கு மொன்றியல் தெருவில் கலவரம் நடந்தது. தாத்தா அதை மர முகாமின் ரேடியோவில் கேட்டாராம், ஒருவன் கோப்பியைச் சுவரில் எறிந்தானாம். ஒரு மணி பத்து நிமிடம். பையனின் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

எனக்கு லேசான பொறாமை. நான் ஏன் ஹொக்கி கேட்கவில்லை? எனக்குத் தெரியும் என்று அவர் நினைத்திருப்பார். மொன்றியலில் இருந்தவள் ஆயிற்றே.

9 மார்ச்

தம்பி தனிச்செய்தியில் கேட்டதை இங்கேயே எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். உங்களுக்கு பிரெஞ்சு தெரியாது என்பதால் மேல்வீட்டுத் தாத்தாவுக்கு ஒன்றும் செய்ய முடியாது என்று இல்லை. 'போன்ஷூர்' என்று மட்டும் சொல்லுங்கள், தினமும். அவர் 'ஹலோ' என்பார். நீங்கள் அடுத்த நாளும் 'போன்ஷூர்' சொல்லுங்கள். பிறகு ஒருநாள் ஏதாவது ஒரு பொருளைக் காட்டி இதற்கு என்ன சொல் என்று கேளுங்கள். பனி அள்ளுகிற சவள் நல்லது, இப்போது எல்லார் கையிலும் இருக்கிறது. திருத்தினால் திருத்தவிடுங்கள். வானொலி வைத்திருக்கிறாரா என்று பாருங்கள், 98.1இல் ரேடியோ-கனடா வருகிறது. 'லு வொயாஜேர்' என்று உள்ளூர்ப் பத்திரிகை 1968இலிருந்து வருகிறது, கையில் எடுத்துக்கொண்டு போனால் கதை தானாக வரும். உங்களுக்குப் பிரெஞ்சு படிப்பிக்க ஆள் கிடைத்ததாக அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிவார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

24 மார்ச்

தாத்தா இப்போது பையன் எடுக்கும்வரை காத்திருப்பதில்லை. சனிக்கிழமை ஆட்டம் முடிந்தவுடன் தானே எடுத்துத் திட்டுகிறாராம். மொன்றியல் அணிக்கு 1993க்குப் பிறகு கோப்பை இல்லை, ஆகவே திட்ட விஷயத்துக்குப் பஞ்சமில்லை. பையன் கின்ஷாசாவில் இருக்கிற தன் அப்பாவுக்கு அணியின் பயிற்சியாளர் சரியில்லை என்று விளக்கிக்கொண்டிருக்கிறான். எனக்கு 'உய்'க்கு மேல் ஒன்றும் சொல்லாத மனிசன்.

தம்பியும் எழுதியிருக்கிறார். சவளுக்கு 'பெல்' என்று சொல்லவேண்டுமாம், மூன்று நாளாக உச்சரிப்புச் சரியில்லை என்று திருத்து வாங்குகிறார்.

செவ்வாய் 6.30 எனக்கு வேறு அலுவல் இருக்கிறது, அந்த நேரத்தில் யாரும் தனிச்செய்தி அனுப்ப வேண்டாம். இந்தக் கிழமை அறிவித்தல் பட்டியல் நீளம், மதாம் ஏற்கனவே கேட்டுவிட்டார்.